தண்ணீர் தூங்கும் நேரம்

செப்டம்பர் 6

வந்து சேர்ந்தாயிற்று. என் இடுப்பு மட்டும் இன்னும் வழியில் எங்கேயோ கிடக்கிறது. லுசாக்காவிலிருந்து கிழக்கே ஒன்பது மணி நேர ஜீப் பயணம். கடைசி நாற்பது கிலோமீட்டரில் ரோடு எது, காடு எது என்று டிரைவருக்கே தெரியவில்லை. ஊர் பெயர் சிக்கோமே. ஜாம்பியா நாட்டின் கிழக்கு ஓரம். சிவந்த மண், வெளுத்த வானம், இலை உதிர்ந்த மரங்கள். வெயிலில் இறங்கினதும், அடக் கொடுமையே, சுற்றிச் சுற்றி என்னை அருப்புக்கோட்டையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

இந்த நோட்டைத் தொண்டு நிறுவனம் கொடுத்தது. நல்ல அனுபவங்களைத் தினமும் எழுத வேண்டுமாம். வசந்தன் சார் சொன்னார். லுசாக்கா ஆபீசில் எங்களைப் போன்ற தொண்டர்களை மேய்ப்பவர் அவர்தான். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு. நல்லதை மட்டும் எழுத நான் என்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறேன்? தோன்றுவதைத்தான் எழுதுவேன்.

பூமயில், ஐம்பத்தேழு வயது, அடிபம்பு மெக்கானிக். இருபத்தொரு வயதில் ஸ்பேனரைப் பிடித்தவள். எங்கள் ஒன்றியத்தில் என் கை படாத பம்பு கிடையாது. நம் நாட்டில் உருவான அதே பம்பு இங்கே ஊருக்கு ஊர் நிற்கிறது. ஒரு வருஷம் தங்கிப் பழுது பார்க்கவும், ஊர்ப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கினேன்.

மகள் ரூபி என்னோடு பேசுவதில்லை. "இந்த வயசுல ஆப்பிரிக்காவுல போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டதோடு சரி. அவள் மாமியார், "பாருங்களேன், ரெண்டே மாசத்துல மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துருவாக" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. முழுசாக ஒரு வருஷம் முடிக்காமல் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கால் வைத்தால் நான் பூமயில் இல்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இங்கே பெண்களைப் பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். வந்து ஒரு மணி நேரத்தில் நான் 'அமாக்கே ரூபி' ஆகிவிட்டேன். ரூபியின் அம்மா. பேசாத மகளின் பெயரை ஊரே கூப்பிடுகிறது.

செப்டம்பர் 8

ஊருக்கு ஒரே பம்பு. ஒன்பது வருஷமாக ஓடுகிறது. அடித்துப் பார்த்தேன், ஐந்தாவது அடியில் தண்ணீர் கொட்டியது. எந்த மகராசி பார்த்துக்கொள்கிறாளோ என்று கேட்டேன். ஜெலிப்பாவைக் காட்டினார்கள். நாற்பது வயது இருக்கும், ஊர்த்தலைவரின் தங்கை, தண்ணீர்க் கமிட்டியின் தலைவி. அதிகம் பேசமாட்டாள். என் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷுக்கு அவள் இங்கிலீஷ் கொஞ்சம் மேலே. அவள் சொல்வதை என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

மதியம் பன்னிரண்டுக்கு அவள் ஒரு சங்கிலியை எடுத்து வந்தாள். கைப்பிடியைப் பம்பின் தூணோடு சேர்த்துக் கட்டி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு போய்விட்டாள். வரிசையில் பதினேழு குடம் இருந்தது. நான் எண்ணினேன்.

செப்டம்பர் 9

இன்றைக்கும் பூட்டு. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. பக்கத்துக் குடிசைக்காரி எஸ்நாத், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மர நிழலில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு என்றால் சோறில்லை, மக்காச்சோள மாவுக் களி. 'ந்சீமா' என்கிறார்கள். நம் கம்பங்களிக்குப் பக்கத்து வீடு.

செப்டம்பர் 12

கேட்டுவிட்டேன். மூன்று நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்ததே எனக்கு அதிகம்.

"ஏன் பூட்டுறீங்க?"

ஜெலிப்பா சாவகாசமாகச் சொன்னாள். "மட்சி அகோனா. தண்ணி தூங்குது, அமாக்கே ரூபி."

தண்ணீர் தூங்குகிறதாம்! எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. இந்தக் கதையை நான் எட்டு வயதிலேயே கேட்டவள். எங்கள் ஊர்க் கிணற்றுக்குக் கதவும் பூட்டும் உண்டு. ஊர்த்தெருக்காரர்கள் யாராவது வந்து திறந்து, இறைத்து, எட்ட நின்று ஊற்றினால்தான் காலனிக் குடத்துக்குத் தண்ணீர். உச்சி வேளையில் போய் நின்றால், "ஆத்தா கிணத்துல குளிக்கிறா, இப்பத் தொறக்கக் கூடாது" என்பார்கள். எங்களுக்குத் தாகம் எடுக்கிற நேரமாகப் பார்த்து ஆத்தாவுக்குக் குளியல். அங்கே ஆத்தா குளித்தாள், இங்கே தண்ணீர் தூங்குகிறது. தலைவர் வீட்டுப் பொம்பளை இடுப்பில் சாவி. கடல் தாண்டி வந்தாலும் இவர்கள் மாறமாட்டார்கள்.

நான் ஏன் மெக்கானிக் ஆனேன் என்று ட்ரெயினிங்கில் எல்லாரும் கேட்டார்கள். சமூக சேவை என்று சொல்லி வைத்தேன். நிஜம் வேறு. பம்பு ரிப்பேர் ஆனால் ஊர்த்தெருவும் என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும், நான் வந்து தொட்டால்தான் அவர்களுக்குத் தண்ணீர். அதற்காகத்தான் படித்தேன்.

செப்டம்பர் 13

அறுத்துவிட்டேன்.

ஜெலிப்பா அடுத்த ஊருக்குத் துக்கத்துக்குப் போயிருந்தாள். போகும்போது அவளே பூட்டிவிட்டுப் போனாள். பெட்டியிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்தேன். எஸ்நாத் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "இயாய், இயாய்" என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். பயந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். பத்து நிமிஷம் அறுத்தேன். பூட்டு தொப்பென்று விழுந்தது. கைப்பிடியைப் பிடித்து நானே அடித்து, எஸ்நாத் குடத்தை நிரப்பி, தலையில் தூக்கிவைத்தேன். கை முழுக்கக் கொப்புளம். இத்தனை சந்தோஷமாக நான் எந்தப் பம்பையும் அடித்ததில்லை.

மாலையில் ஜெலிப்பா வந்தாள். அறுந்த பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எதையாவது பேசுவாள், நானும் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

செப்டம்பர் 21

பம்பு நாள் முழுக்கப் பாடுகிறது. காலையில் துணி துவைத்தேன், முருங்கைக் கீரை ஆய்ந்து வதக்கினேன். இங்கேயும் முருங்கை இருக்கிறது, எஸ்நாத் அதை நிலக்கடலைப் பொடி போட்டுச் சமைக்கிறாள். ருசி பழகிவிட்டது. அவள் மகள் தோகோவுக்கு ஒன்றரை வயது. என் ஸ்பேனரை எடுத்துக் கடிக்கிறாள்.

மதியத்தில் செங்கல் அறுப்பவர்கள் டிரம்மோடு வருகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்தும் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வரட்டுமே, தண்ணீர் யார் அப்பன் வீட்டுச் சொத்து? நிறுவனத்துக்குப் போட்டோ அனுப்பினேன். வசந்தன் சார், "சூப்பருங்கம்மா" என்று பதில் போட்டார்.

ஜெலிப்பா தூரத்தில் நின்று பம்பைப் பார்க்கிறாள். வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 2

தண்ணீர் வர இருபத்தைந்து அடி அடிக்க வேண்டியிருக்கிறது. வாஷர் தேய்ந்திருக்கும். ஒன்பது வருஷத்து வாஷர்.

அக்டோபர் 4

வாஷர் மாற்றினேன். பழையது ஒன்றும் அத்தனை தேயவில்லை. சரி, புதுசு போட்டால் கெட்டா போகும்.

அக்டோபர் 8

இப்போது நாற்பது அடி அடித்தால்தான் தண்ணீர். வெயில் தகரத்தை உருக்குகிறது. அக்டோபர் இங்கே அப்படித்தானாம், நவம்பர் பாதியில்தான் மழை. பம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆள் அதிகம், ராத்திரியும் அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 9

குடத்தின் அடியில் மணல். கொஞ்சம்தான்.

அக்டோபர் 11

நின்றுவிட்டது.

விடியற்காலையில் எஸ்நாத் வந்து கதவைத் தட்டினாள். போய் அடித்தேன். கைப்பிடி வெறுமனே மேலும் கீழும் போய்வந்தது. ஆள் சேர்த்துப் பைப்பைத் தூக்கினோம், நூற்றிருபது அடி, பன்னிரண்டு பைப்பு. சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே மணல். பித்தளை உறை முழுக்கப் பூனை பிறாண்டியது போலக் கோடு. மாற்றுச் சிலிண்டர் இல்லாமல் இனி அது தண்ணீர் ஏற்றாது.

அதற்கப்புறம்தான் பெட்டியின் அடியிலிருந்து டேப்பை எடுத்தேன். போர்க் குழிக்குள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளக்கிற டேப். எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் முதல் வேலை அதுதான். ட்ரெயினிங்கில் சின்னப் பெண்களுக்கு நான்தான் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன், அளக்காமல் எதையும் தொடாதே என்று. இங்கே வந்து ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட நான் அதை விரிக்கவில்லை. பூட்டைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

பைப்பு நின்ற இடத்துக்கும் கீழே நான்கு அடி இறங்கிக் கிடந்தது தண்ணீர். டேப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அளந்தேன். பதினோரு அடி ஏறியிருந்தது.

மூன்று மணி நேரம். பன்னிரண்டிலிருந்து மூன்று.

பாறைக்குள் சின்ன ஊற்று. காலையில் இறைத்ததை மதியம் சுரந்து நிரப்ப வேண்டும், அதற்கு அதைச் சும்மா விட வேண்டும். அதைத்தான் அவள் தூங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 12

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14

மூன்று நாளாகப் பெண்களோடு ஆற்றுக்குப் போகிறேன். நாலு கிலோமீட்டர். ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணலைத் தோண்டினால் பழுப்பாக ஊறுகிறது. மாடும் அங்கேதான் குடிக்கிறது. குடத்தைத் தலையில் வைத்துத் திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

இன்றைக்கு ஜெலிப்பா பக்கத்தில் நடந்து வந்தாள். நானே ஆரம்பித்தேன்.

"நான் பூட்ட அறுத்தப்ப நீ ஏன் சும்மா இருந்த? என் கன்னத்துல ஒண்ணு வச்சிருக்கலாம்ல?"

அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க இந்தியாவுலேர்ந்து வந்த பம்பு டாக்டர். இந்தப் பம்பே உங்க நாட்டுப் பம்பு, பேருலயே இந்தியா இருக்கு. எங்களுக்குத் தெரியாத எதையோ நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சோம். சாயங்காலம் கமிட்டி உக்காந்து பேசினோம். விருந்தாளி ஒரு காரணம் இல்லாம செய்யமாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

"நீ?"

"நான் வேணாம்னேன். பதினோரு ஓட்டுல என் ஓட்டு ஒண்ணு." அப்புறம் குடத்தை ஒரு கையால் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். கோபத்தில் குரல் உயர்ந்தது. "ஒரே சிலிண்டர்ல ஒம்பது வருஷம் ஓட்டினேன், அமாக்கே ரூபி. ஒம்பது வருஷம்! சுத்துப்பட்டுல எந்த ஊர்லயும் அப்படி ஓடல. நீங்க ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. தண்ணி தூங்குதுன்ன."

"ஆமா. தூங்குறத எழுப்பினா என்ன ஆகும்னு கேட்டிருக்கலாம்."

குடத்தைச் சரிசெய்கிற சாக்கில் இரண்டு எட்டுப் பின்தங்கினேன்.

ஊர் வந்ததும் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்சுவரில் கரியால் வரிசையாகப் பெயர்கள். பூட்டுச் சாவி வாரம் ஒரு வீட்டுக்குப் போகுமாம். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்காரிதான் பூட்டித் திறக்க வேண்டும். நான் பூட்டைப் பார்த்த அந்த ஒரு வாரம் அவள் வீட்டு முறையாக இருந்திருக்கிறது, அதைத்தான் நான் தலைவர் வீட்டுச் சாவி என்று எழுதி வைத்திருக்கிறேன். எஸ்நாத் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், கரி புதுசாக இருந்தது. அமாக்கே ரூபி. நவம்பர் பதினேழாம் தேதி வாரம்.

"நீங்க வந்த அன்னைக்கே எழுதினோம். நீங்களும் இந்தத் தண்ணியத்தானே குடிக்கிறீங்க" என்றாள்.

வெளியே வந்து பம்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இதையும் எழுதித்தான் வைக்கிறேன்.

அக்டோபர் 19

தோகோவுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஆற்றுத் தண்ணீர்தான், வேறென்ன. கண் உள்ளே போய்விட்டது. கொதிக்க வைத்து உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன், கக்கினாள். காலையில் எஸ்நாத்தின் புருஷன் தாயையும் பிள்ளையையும் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், பதினெட்டு கிலோமீட்டர். ஊரில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு இப்படி இருக்கிறது.

எஸ்நாத் சைக்கிளில் ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 21

குழந்தை பிழைத்துக்கொண்டது. குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். தெய்வமே.

போன் சிக்னல் கிடைப்பது ஊருக்கு வெளியே இருக்கிற கரையான் புற்றின் மேல் மட்டும்தான். ஆள் உயரம் இருக்கிறது. ஏறி நின்று வசந்தன் சாருக்குப் பேசினேன். புதுச் சிலிண்டர் வேண்டும், போரையும் கழுவ வேண்டும் என்றேன்.

"பாக்கலாங்கம்மா. பழுது ரிப்போர்ட் ஒண்ணு அனுப்பிருங்க. காரணம்னு ரெண்டு கட்டம் இருக்கும் பாருங்க. முதல் கட்டம், ஊத்து வத்திருச்சுன்னு. அத டிக் பண்ணுனா போரையே மூடிருவாங்க. ரெண்டாவதப் போட்ருங்க, ஊர் மக்களின் தவறான பயன்பாடு. எல்லாரும் அதத்தான் போடறது."

"போட்டா சிலிண்டர் வருமா?"

"அதெப்படிங்க வரும்? மூணு வருசத்துக்கு அந்த ஊரு லிஸ்ட்டுல இருக்காது. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லீங்க, வேற ஊருக்கு மாத்திடறேன். வருசத்த முடிச்சுட்டு ஜம்முன்னு போலாம்."

"தப்பு அவுங்க பண்ணல சார். நான் பண்ணினேன். பூட்ட நான் அறுத்தேன்."

"இத யார்கிட்டயாச்சும் சொல்லீட்டீங்களா?" என்றார்.

"ஊருக்கே தெரியும்."

"ஊர விடுங்க. ஆபீஸ்ல?" அப்புறம் கெஞ்சுகிற குரலில், "அம்மா, நம்ம ஆளு செஞ்ச தப்புன்னு எழுதுனா நிறுவனம் முப்பது நாளுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்தே ஆகணும், விதி இருக்கு. ஆனா அந்த ஆள உடனே வீட்டுக்கு அனுப்பணும்னும் விதி இருக்குங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படி எழுதுனதில்ல. அதுக்குக் கட்டமே கிடையாது."

புற்றிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி முட்டியில் சிராய்ப்பு. ஒரு வருஷம் முடிக்காமல் கால் வைத்தால் நான் பூமயில் இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 22

தூக்கம் வராமல் கிடந்து யோசித்ததை எழுதிவிடுகிறேன், ஒரே தடவை.

எனக்குப் பத்து வயது. சித்திரை மாசம். அம்மா ஏழு மாசம் சுமந்துகொண்டிருந்தாள். கிணற்றடியில் காலையிலிருந்து நாலு குடத்தோடு நின்றோம். ஊற்ற ஆள் வரவில்லை. உச்சி வேளையில் ஒருவர் வந்து கதவைப் பூட்டிவிட்டுப் போனார். அம்மா கும்பிட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே மயங்கி விழுந்தாள். என் தம்பி அன்றைக்குத்தான் பிறக்காமல் போனான். அப்புறம் ஊரில், அதுகள் குடத்தைப் போட்டுச் சண்டை பிடித்தன, அதனால்தான் பூட்டினோம் என்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தவறு என்று. எங்கம்மா அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தாள்.

ஊர் மக்களின் தவறான பயன்பாடு. இந்த வரியை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை, அதுவும் என் கையெழுத்தில், நடக்காது. செத்தாலும் நடக்காது.

அக்டோபர் 23

ரிப்போர்ட் எழுதினேன். இரண்டு கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து நானே மூன்றாவது கட்டம் போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: பழுது பார்க்க வந்தவள் அளக்காமலும் கேட்காமலும் ஊரின் பூட்டை அறுத்தாள். டிக் போட்டேன், கொஞ்சம் பெரிசாகவே. கையெழுத்து, முழுப்பெயர், ஊர். ஜெலிப்பாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இரண்டு தடவை படித்தாள்.

"உங்கள அனுப்பிருவாங்களே" என்றாள்.

"அனுப்பட்டும். நீ போடு."

போட்டாள். அப்புறம் உள்ளே போய் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டு கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் பேசாமல் தின்றோம்.

அக்டோபர் 30

பதில் வந்துவிட்டது. நவம்பர் பத்தாம் தேதி சிலிண்டர் வரும். பதினெட்டாம் தேதி ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். வசந்தன் சார், "ஏன்ங்கம்மா இப்படிப் பண்ணுனீங்க, எனக்கும் மெமோ" என்றார். மெமோவை ஃப்ரேம் போட்டு மாட்டுங்கள் என்றேன்.

அதே புற்றின் மேல் நின்று ரூபியைக் கூப்பிட்டேன். எடுத்தாள்! எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டை, போரை, கட்டத்தை. பாட்டி கைநாட்டு வைத்ததை இதுவரை அவளிடம் நான் சொன்னதே இல்லை, அதையும் சொன்னேன். மேலே வெயில், கீழே எறும்பு, காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டு.

"எம்மா" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இதெல்லாம் ஏம்மா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு இருந்தேன்."

"நீ வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வாரேன். எங்க மாமியா வாயத் தொறக்கட்டும், அன்னைக்கு இருக்கு அதுக்கு."

என் வயிற்றில் பிறந்தது வேறெப்படிப் பேசும்?

நவம்பர் 12

போரைக் கழுவி, புதுச் சிலிண்டரை இறக்கிவிட்டோம். இந்தப் பெண்கள் பைப்பு இறக்குகிற அழகை வசந்தன் சார் பார்க்க வேண்டும். கிளாம்பு போடுவதும் ராடு பூட்டுவதும் ஜெலிப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் நான் விமானம் ஏறி வந்தேனாம். நான் ஒன்றே ஒன்று காட்டினேன், டேப்பைப் பிடித்து அளக்கும் விதம். அது அவர்களிடம் இல்லை. ஜெலிப்பா இத்தனை வருஷமும் கைப்பிடியின் கனத்தை வைத்தே தண்ணீர் எத்தனை இறங்கியிருக்கிறது என்று சொல்லி வந்திருக்கிறாள். அவள் சொன்னதையும் டேப் சொன்னதையும் ஒத்துப் பார்த்தேன். ஒன்றரை அடிதான் வித்தியாசம்.

ஆறாவது அடியில் தண்ணீர் வந்தது. எஸ்நாத் முதல் குடத்தைப் பிடித்தாள். அதிலிருந்து மொண்டு, பிள்ளைக்குப் போக இரண்டாவது டம்ளரை என்னிடம் நீட்டினாள். தோகோ என் ஸ்பேனரை மறுபடி கடித்துக்கொண்டிருந்தாள்.

டேப்பை ஜெலிப்பாவிடமே கொடுத்துவிட்டேன். நிறுவனத்துச் சொத்துதான். கேட்டால் இன்னொரு கட்டம் போட்டு எழுதிக் கொடுக்கிறேன்.

நவம்பர் 17

இன்றைக்கு என் முறை ஆரம்பம்.

காலையில் ஜெலிப்பா சங்கிலியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். பூட்டுத்தான் இல்லையே, ஐந்து நாளாக வெறும் சங்கிலியைத்தான் சுற்றுகிறார்கள், அறுத்தவள் நானாயிற்றே. பதினொரு மணி வரை யோசித்துவிட்டு என் சூட்கேஸிலிருந்த பூட்டைக் கழற்றினேன். ரூபி கல்யாணத்துக்கு வாங்கின பூட்டு, நல்ல கெட்டி.

சங்கிலியைக் கைப்பிடியில் சுற்றினேன். வரிசையில் ஒன்பது குடம். என் வாழ்நாளில் தண்ணீரைப் பூட்டுகிற கையாக என் கை இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து, குடத்தை அப்படியே வரிசையில் விட்டுவிட்டு, கதை பேசிக்கொண்டு நிழலுக்குப் போனார்கள். யாரும் கும்பிடவில்லை. அடுத்த வாரம் சாவி அவர்களில் ஒருத்தியிடம் இருக்கும். பூட்டினேன்.

நவம்பர் 18

ஜீப் பன்னிரண்டே காலுக்கு வந்தது. வசந்தன் சாரே வந்திருக்கிறார், கூடவே பெரிய கேமராவோடு ஒருவர். நிறுவனத்துக்குப் பணம் தருகிறவர்களுக்குக் காட்டத் தண்ணீர் கொட்டுகிற படம் வேண்டுமாம். என் சூட்கேஸ் வாசலில் தயாராக இருந்தது. பூட்டு இல்லாததால் எஸ்நாத் தன் பழைய துணியைக் கிழித்து நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

வசந்தன் சார் நேராகப் பம்புக்குப் போனார். சங்கிலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்கம்மா இது, பூட்டிக் கெடக்குது? யாரு பூட்டுனது?"

"நான்தான்."

"நீங்களா? ஏனுங்க?"

"தண்ணி தூங்குது சார்."

அவர் என்னை, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டதோ என்று பார்த்தார். "ரெண்டு நிமிசந்தாங்க. ஒரு போட்டோ எடுத்துட்டுப் பூட்டிக்கலாம். இருட்டறதுக்குள்ள டவுனு போகணும். சாவி யார்கிட்ட?"

இடுப்பைத் தட்டிக் காட்டினேன். சாவி என் முந்தானை முடிச்சில் இருந்தது. ஜெலிப்பா மரத்தடியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். என் முறையில் அவள் பேசமாட்டாள்.

"மூணு மணிக்குத் தொறப்பேன். போட்டோவும் எடுங்க, குடிக்கவும் செய்யுங்க. உங்க கொடத்த வேணா வரிசையில வைங்க" என்றேன்.

"அம்மா, உங்கள அனுப்பறதுக்குத்தான் நான் வந்திருக்கேன்!"

"தெரியும் சார். அதுக்கும் மூணு மணிதான்."

கேமராக்காரர் சிரித்துவிட்டார். வசந்தன் சார் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார், போனை எடுத்தார், சிக்னல் இல்லை. புற்றைக் கைகாட்டினேன், ஏறவில்லை. கடைசியில் ஜீப்பிலிருந்து தன் காலிப் பாட்டிலை எடுத்து வந்து, ஆறு குடத்துக்குப் பின்னால் ஏழாவதாக வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார். எஸ்நாத் அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்தாள்.

இதை எழுதும்போது மணி இரண்டேகால். மீதி வாரத்துக்குச் சாவியை ஜெலிப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவேன். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதுவரை அது தூங்கட்டும்.